உலோக வால்வா, டிஷ்யூ வால்வா? இதய வால்வு மாற்று அறுவைக்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்கோ பார்த்துவிட்டு "வால்வை மாற்ற வேண்டியிருக்கும்" என்று மருத்துவர் சொன்னதும், அடுத்த பத்து நிமிடத்தில் வரும் கேள்வி "மெட்டல் போடலாமா, டிஷ்யூ போடலாமா?" என்பதுதான். பதில் சொல்ல அவகாசம் கேளுங்கள். அவசர அறுவையாக இல்லாவிட்டால் சில நாட்கள் யோசித்து முடிவெடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். மெட்டலைத் தேர்ந்தால் வாழ்நாள் முழுக்க மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும், டிஷ்யூவைத் தேர்ந்தால் பிற்காலத்தில் இன்னொரு அறுவை. எந்தச் சுமையை உங்கள் வீட்டுச் சூழலில் தாங்க முடியும் என்று பார்ப்பதுதான் இங்கே வேலை.

மாற்றத்தான் வேண்டுமா? பழுது பார்க்க முடியாதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. சொந்த வால்வைச் சரிசெய்ய முடிந்தால் இந்தப் பக்கத்தின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) சுருங்கியிருந்து, இதழ்கள் அதிகம் தடிக்காமல், சுண்ணாம்பு ஏறாமல், கசிவும் பெரிதாக இல்லாமல் இருந்தால் தொடை வழியாக பலூன் செலுத்தி விரிக்கலாம். வயதின் தேய்மானத்தால் இதழ் தொங்கிக் கசிகிற மைட்ரல் வால்வைத் தைத்து வளையம் போட்டால் பல ஆண்டுகள் தாங்கும். ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வந்து இதயத்தைத் தாக்கும் நோய்) கெட்ட வால்வில் பழுதுபார்ப்பு அவ்வளவு நிலைப்பதில்லை. இதழும் அதைப் பிடித்திருக்கும் நாண்களும் சேர்ந்து சுருங்கிவிடுவதே காரணம். அயோர்டிக் வால்வு (மகாதமனி வால்வு) சுண்ணாம்பேறிச் சுருங்கியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

இரண்டு வால்வும் எதனால் ஆனவை?

உலோக வால்வு என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், இன்று அதிகம் போடப்படும் வகையில் திறந்து மூடும் இரண்டு இதழ்களும் பைரோலிடிக் கார்பனால் ஆனவை. 1977-இல் செயின்ட் ஜூட் வால்வுடன் தொடங்கிய அமைப்பு இது. இந்தியாவில் இன்னொன்றும் பரவலாக உண்டு: திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட டிடிகே சித்ரா வால்வு. அதில் சாய்ந்து திறக்கும் ஒற்றைத் தட்டு. தட்டு கெட்டியான பாலிஎதிலீன், சட்டம் கோபால்ட் குரோமியக் கலவை, தைக்கும் வளையம் பாலியெஸ்டர். ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தப்பட்டிருக்கிறது. விலை குறைவு என்பதால் தரம் குறைவு என்று எண்ண வேண்டாம்.

டிஷ்யூ வால்வில் பன்றியின் அயோர்டிக் வால்வோ, மாட்டின் இதய உறையிலிருந்து வெட்டித் தைத்த இதழ்களோ இருக்கும். குளூடரால்டிஹைடில் பதப்படுத்துவதால் உயிரணுக்கள் இறந்து, தோல் பதனிட்டதுபோல் திசு உறுதியாகிவிடும். மாற்றுச் சிறுநீரகம்போல் உடல் அதை நிராகரிக்காது, நோயெதிர்ப்பை அடக்கும் மாத்திரையும் தேவையில்லை.

உலோக வால்வு ஆயுள் முழுக்க வருமா?

வால்வு வரும். அது உடைவது இன்று மிக அரிது. பியோர்க் ஷைலி வால்வின் ஒரு மாதிரியில் தட்டைப் பிடித்திருந்த கம்பி முறிந்து பல மரணங்கள் நேர்ந்து, 1986-இல் அது சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. இன்றைய மாதிரிகளில் அந்தப் பிரச்சினை இல்லை.

அதற்காக "இனி ஆபரேஷனே கிடையாது" என்று எவரும் உறுதி தர முடியாது. வால்வில் ரத்தக் கட்டி உட்காரலாம். வளையத்தைச் சுற்றி நார்த்திசு வளர்ந்து இதழை முட்டலாம். தையல் ஓரம் கசியலாம், கிருமி தொற்றலாம். மறு அறுவையின் வாய்ப்பு டிஷ்யூவைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

டிஷ்யூ வால்வு எத்தனை வருடம் தாங்கும்?

யாருக்கு, எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது. 70 வயதுக்காரரின் அயோர்டிக் இடத்தில் 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் ஓடும். பெரும்பாலும் அவர் ஆயுளுக்குப் போதும். அதே வால்வை 40 வயதில் போட்டால் பத்து ஆண்டுகளை ஒட்டிக் கெடத் தொடங்கலாம். இருபதுகளில் இன்னும் சீக்கிரம். மைட்ரல் இடத்தில் ஆயுள் மேலும் குறையும். இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் மூடிய மைட்ரல் இதழ்கள் முழு அழுத்தத்தையும் வாங்குவது அதற்கு ஒரு காரணம்.

இளம் உடலில் கால்சிய மாற்றமும் நோயெதிர்ப்பும் வேகமாக நடப்பதால் பதப்படுத்திய திசுவில் சுண்ணாம்பு சீக்கிரம் படிந்து இதழ் விறைக்கும், பிறகு கிழியும். ஒரே நாளில் நடப்பதில்லை. வருடாந்திர எக்கோவில் அழுத்த வேறுபாடு ஏறுவதாகவோ புதிய கசிவாகவோ முன்கூட்டியே தெரியும். எக்கோவுக்குப் போகாதவர்தான் மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவில் வந்து நிற்கிறார். திட்டமிட்டுச் செய்யும் இரண்டாவது அறுவையைவிட அப்போது செய்வதில் ஆபத்து பல மடங்கு.

எந்த வயதுக்கு எது என்று விதி இருக்கிறதா?

விதி இல்லை, வழிகாட்டி இருக்கிறது. அமெரிக்க இதயச் சங்கங்களின் 2020 வழிகாட்டி: அயோர்டிக் இடத்தில் 50 வயதுக்குக் கீழ் உலோகம், 65-க்கு மேல் டிஷ்யூ, நடுவே உள்ளவர்கள் பேசி முடிவெடுக்கலாம், மைட்ரல் இடத்தில் 65-க்குக் கீழ் உலோகம். ஐரோப்பிய வழிகாட்டி (2021): அயோர்டிக்கில் 60-க்குக் கீழ் உலோகம், 65-க்கு மேல் டிஷ்யூ, மைட்ரலில் 65-க்குக் கீழ் உலோகம், 70-க்கு மேல் டிஷ்யூ. கலிஃபோர்னியா மருத்துவமனைப் பதிவுகளை வைத்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், உலோக வால்வுக்காரர்கள் கூடுதலாக உயிர் வாழ்ந்த அனுகூலம் அயோர்டிக்கில் 55 வயது வரையிலும் மைட்ரலில் 70 வயது வரையிலும் தெரிந்தது.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஐஎன்ஆர் சோதனையும் (ரத்தம் உறைவதை அளக்கும் சோதனை, கீழே விளக்கம்) மருந்து ஆலோசனையும் எளிதில் கிடைக்கும் இடங்களில், முதுமையில் வால்வு கெட்டவர்களே அதிகம் உள்ள கூட்டத்தில் உருவான கணக்கு இது. நம் ஊரில் வால்வு மாற்றுக்கு வருபவர்களில் பலர் சிறுவயது ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் கெட்ட 20 முதல் 45 வயதினர். பலருக்கு சோதனைக்கூடம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில். அதனால் வயதைப் பார்த்த கையோடு கீழே உள்ளவற்றையும் பாருங்கள்.

ஐஎன்ஆர் என்றால் என்ன? ஏன் அதைச் சுற்றியே எல்லாரும் பேசுகிறார்கள்?

உலோக வால்வின் மேல் ரத்தம் உறைந்து கட்டியாகும். அதைத் தடுக்க வார்ஃபரின் அல்லது அசினோகூமரால் (ஏசிட்ரோம் என்ற பெயரில் பலருக்குத் தெரியும்) ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். ரத்தம் உறைய எத்தனை மடங்கு தாமதமாகிறது என்பதைச் சொல்லும் எண்தான் ஐஎன்ஆர். மருந்தில்லாதவருக்கு 1. கூடுதல் ஆபத்து இல்லாத அயோர்டிக் உலோக வால்வுக்கு வழக்கமான இலக்கு 2.0 முதல் 3.0; மைட்ரலுக்கு 2.5 முதல் 3.5. ஆன் எக்ஸ் என்ற உலோக வால்வை அயோர்டிக்கில் போட்டு மூன்று மாதம் கடந்தவர்களுக்கு ஆஸ்பிரினுடன் 1.5 முதல் 2.0 போதும் என அமெரிக்காவில் அனுமதி உண்டு. மைட்ரலுக்கு அது பொருந்தாது. உங்கள் இலக்கை டிஸ்சார்ஜ் சீட்டில் எண்ணாக எழுதி வாங்குங்கள்.

எண் கீழே போனால் வால்வில் கட்டி, பக்கவாதம். மேலே போனால் மூளையிலோ குடலிலோ ரத்தக் கசிவு. எல்லாம் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டாலும் ஆண்டுக்கு நூற்றில் ஓரிருவருக்குப் பெரிய ரத்தக்கசிவும், ஏறக்குறைய அதே அளவில் கட்டிச் சிக்கலும் வருவதுண்டு. ஒழுங்கு தவறினால் கூடும்.

அறுவை முடிந்த தொடக்கத்தில் சில நாளுக்கொரு முறை, பிறகு வாரம் ஒருமுறை, எண் நிலைத்தபின் மாதம் ஒருமுறை என்பது சாதாரண ஓட்டம். ஆகவே முடிவெடுக்கும் முன் நேரே போய்ப் பாருங்கள்: ஐஎன்ஆர் செய்யும் அருகிலுள்ள ஆய்வகம் எது, ரிசல்ட் அன்றே வருமா, அதைப் பார்த்து "இன்றிரவு எத்தனை மில்லிகிராம்" என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா? மூன்றில் மூன்றாவதுதான் பெரும்பாலும் இருக்காது. வீட்டிலேயே விரல் நுனி ரத்தத்தில் பார்க்கும் கருவிகள் உண்டு; கருவியைவிட மாதந்தோறும் வாங்கும் ஸ்ட்ரிப்தான் செலவு.

மாத்திரை விஷயத்தில் என்ன தவறு அதிகம் நடக்கிறது?

முதலிடம் மில்லிகிராம் குழப்பத்துக்கு. ஏசிட்ரோம் 1, 2, 3, 4 மில்லிகிராம் என வரும். சீட்டில் "ஒரு மாத்திரை" என்று இருக்கும். கடையில் 1 இல்லை என்று 2 கொடுப்பார்கள். ஒரே வாரத்தில் பல் ஈறில் ரத்தம். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: தேதி, ஐஎன்ஆர், சாப்பிட்ட அளவு மில்லிகிராமில், அடுத்த சோதனைத் தேதி. வார்ஃபரினையும் அசினோகூமராலையும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாதீர்கள். அளவு வேறு, உடலில் நிற்கும் நேரமும் வேறு. வார்ஃபரின் அளவை இன்று மாற்றினால் எண்ணில் அது தெரியவே இரண்டு மூன்று நாளாகும். நாளைக்கே சோதித்துவிட்டு "ஏறவில்லை" என்று இன்னும் கூட்டினால், அடுத்த வாரம் எகிறிவிடும்.

ஒருவேளை மறந்தால் அன்றே நினைவு வந்தால் போடுங்கள். மறுநாள் இரட்டிப்பு வேண்டாம்.

இரண்டாவது, மற்ற மருந்துகள். மெட்ரோனிடசோல், கோடிரைமாக்சசோல், ஃபுளூகோனசோல், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகியவை ஐஎன்ஆரை ஏற்றும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசினும் வலிப்புக்கான கார்பமசெபினும் இறக்கும். ரிஃபாம்பிசின் தொடங்கும்போது மட்டுமல்ல, நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். கூட்டி வைத்த அளவு அப்படியே இருந்தால் எண் ஏறிவிடும். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் மாத்திரையும் கூடாது, இடுப்பில் ஊசியும் கூடாது. தசைக்குள் ரத்தம் கட்டி, கால் மரத்துப்போனவர்கள் உண்டு. வலிக்கு பாரசிட்டமால், அதையும் வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டால் ஐஎன்ஆர் ஏறும். சித்த, நாட்டு மருந்துகளில் என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாதவரை தவிர்ப்பது நல்லது.

மழைக்காலக் காய்ச்சலைச் சாதாரணமாக விடாதீர்கள். டெங்குவில் தட்டணுக்கள் இறங்கும்போது இந்த மாத்திரையும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். தானாக நிறுத்தவும் வேண்டாம், தானாகத் தொடரவும் வேண்டாம். ஐஎன்ஆரும் தட்டணுவும் அன்றே பார்த்து மருத்துவரைக் கேளுங்கள்.

கீரையே சாப்பிடக் கூடாதாமே?

சாப்பிடலாம். வைட்டமின் கே இந்த மருந்தை எதிர்க்கிறது, கீரையில் அது அதிகம் என்பதெல்லாம் சரி. அதற்காக முற்றிலும் விலக்கினால் எண் இன்னும் நிலையில்லாமல் ஆடும். வாரம் இரண்டு நாள் ஒரு கிண்ணம் என்றால் எல்லா வாரமும் அதே அளவு. மருந்தை அந்த உணவுக்கு ஏற்பச் சரிசெய்துவிடுவார்கள். சிக்கல் திடீர் மாற்றத்தில்தான் வருகிறது: மூன்று வாரம் தொடாமல் இருந்துவிட்டு, வீட்டு முருங்கை தழைத்தது என்று ஒரு வாரம் முழுக்க முருங்கைக்கீரைப் பொரியல். ஏகாதசி, ரமலான், சஷ்டி என்று சாப்பாடு குறையும் நாட்களிலும், வயிற்றுப்போக்கிலும் எண் ஏறும். நீண்ட விரதம் இருப்பவர்கள் முன்பே சொல்லி, இடையில் ஒரு சோதனை கூடுதலாகப் பாருங்கள். மதுவும் எண்ணை ஆட்டும்.

சோதனை தேவையில்லாத புதிய மாத்திரைகள் வந்துவிட்டனவே?

உலோக வால்வுக்கு இல்லை. அவற்றில் ஒன்றான டாபிகட்ரானை வைத்துப் பார்த்த ஆய்வில் பக்கவாதமும் ரத்தக்கசிவும் வார்ஃபரினைவிட அதிகமாகி, 2013-இல் முடிவு வெளியானது. அபிக்ஸபானை ஆன் எக்ஸ் அயோர்டிக் வால்வில் முயன்ற ஆய்வும் கட்டிச் சிக்கல்கள் கூடியதால் 2022-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. "புது மாத்திரை எழுதித் தருகிறேன், டெஸ்ட் வேண்டாம்" என்று வேறு யாராவது சொன்னால், அறுவைக்குப் பின் மருத்துவமனை தரும் வால்வு அட்டையைக் காட்டுங்கள்.

டிஷ்யூ வால்வு போட்டால் மாத்திரையே வேண்டாமா?

முதல் மூன்று முதல் ஆறு மாதம் வார்ஃபரினோ, அயோர்டிக் என்றால் சில வேளை ஆஸ்பிரின் மட்டுமோ தருவார்கள். அதன்பின் பலருக்கு ஆஸ்பிரின் போதும்.

ஆனால் ஏற்கெனவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதய மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கும் பிரச்சினை இருந்தால் கணக்கு மாறும். உங்கள் ஈசிஜியில் ஏஎஃப் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாத மருந்து எப்படியும் தொடரப்போகிறது என்பதால் டிஷ்யூவின் முக்கிய அனுகூலம் பாதி கரைந்துவிடுகிறது. பாதிதான், டிஷ்யூவோடு மருந்தைச் சில நாள் நிறுத்த நேர்ந்தால் உலோகத்தோடு நிறுத்துவதைவிட ஆபத்து குறைவு. மைட்ரல் டிஷ்யூ வால்வோடு ஏஎஃப் உள்ளவர்களுக்கு, புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவரோக்ஸபான் வார்ஃபரினுக்குச் சளைத்ததில்லை என்று 2020-இல் ஒரு ஆய்வு காட்டியது. மாற்றப்படாத, ருமாட்டிக்கால் சுருங்கிய மைட்ரல் வால்வோடு ஏஎஃப் இருப்பவர்களுக்கு வார்ஃபரினே மேல் என்று 2022 ஆய்வு சொன்னது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மகளுக்கு 24 வயது, கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம். எது போடலாம்?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி. இரண்டு பாதையிலும் விலை உண்டு.

உலோக வால்வோடு கருவுற்றால் வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். 6 முதல் 12 வாரம் வரை அது மூக்கெலும்பையும் மற்ற எலும்புகளையும் பாதிக்கக்கூடும், கருச்சிதைவும் கூடும். ஒரு நாளைக்கு வார்ஃபரின் 5 மில்லிகிராமுக்குள்ளோ, அசினோகூமரால் 2 மில்லிகிராமுக்குள்ளோ போதுமென்றால் ஆபத்து குறைவு. அதற்கு மேல் தேவைப்பட்டால் அந்த வாரங்களில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவார்கள்: தினம் இருவேளை, அளவு சரியா என்று பார்க்கத் தனி ரத்தப் பரிசோதனை. இந்த மாற்றத்தின்போதுதான் தாயின் வால்வில் கட்டி பிடிக்கும் ஆபத்து அதிகம். 36-ஆம் வாரத்தில் மறுபடி ஹெப்பாரின். வார்ஃபரினில் இருக்கும்போதே வலி கண்டுவிட்டால், சுகப்பிரசவத்தில் குழந்தையின் மூளையில் ரத்தம் கசியலாம் என்பதால் சிசேரியன். பிரசவத்துக்குப் பின் வார்ஃபரினோடு தாய்ப்பால் கொடுக்கலாம்.

டிஷ்யூ வால்வு என்றால் கர்ப்பகாலம் ஏறக்குறைய இயல்பாகப் போகும். ஆனால் 24 வயதில், அதுவும் மைட்ரலில் போட்டது பத்து ஆண்டுக்குள்ளேயே மாற்ற வேண்டி வரலாம். அப்போது வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கும். அந்த அறுவைக்கான பணத்துக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கும் ஏற்பாடு செய்ய முடியும் என்றால், குழந்தை வேண்டும் என்கிற இளம்பெண்ணுக்கு டிஷ்யூவைத்தான் நாங்கள் முதலில் யோசிக்கச் சொல்வோம். ஐஎன்ஆரும் மகப்பேறும் இதயமும் ஒரே கூரையின் கீழ் பார்க்கும் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இல்லாதவர்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

மகளிடம் தனியாகப் பேச மருத்துவருக்கு வாய்ப்பு கொடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைத்து, மாத்திரையை ஒளித்துச் சாப்பிட்டு, விட்டுவிட்டு வால்வு அடைத்துக்கொண்டு வரும் பெண்கள் இருக்கிறார்கள். மாத்திரையோடு மாதவிடாய் ரத்தப்போக்கு கூடலாம். இரும்புச்சத்தைப் பாருங்கள், மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை உலோக வால்வுக்காரருக்கு ஏற்றதல்ல.

டிஷ்யூ கெட்டுப்போனால் காலிலிருந்தே புது வால்வு வைத்துவிடலாமே?

பலருக்கு முடியும், எல்லாருக்கும் முடியாது. பழைய வால்வின் வளையத்துக்குள் புதியதை விரித்து வைப்பதால் வழி குறுகும். முதலில் போட்டது 23 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ என்றால் வசதி. 19, 21 என்றால் நெருக்கடி. ஆகவே "பின்னால் கால் வழியாக" என்று நம்பி டிஷ்யூ தேர்பவர், எந்த அளவு போட முடியும் என்று இன்றே சர்ஜனிடம் கேட்க வேண்டும். வளையம் சிறிதாக இருந்தால் மகாதமனி வேரை வெட்டி ஒட்டு வைத்து விரிவாக்குவதும் உண்டு.

வால்வு உடலுக்குப் போதுமா என்பதற்கு எளிய கணக்கு: வால்வின் திறப்புப் பரப்பை உடல் மேற்பரப்பால் வகுக்க வேண்டும். திறப்பு 1.3 சதுர செ.மீ., உடல் 1.5 சதுர மீட்டர் என்றால் 0.87, பரவாயில்லை. அதே வால்வு 1.8 சதுர மீட்டர் உடலில் 0.72. அயோர்டிக்கில் 0.85-க்குக் கீழே போனால் வால்வு சிறிது என்று பொருள், 0.65-க்குக் கீழே கடுமையான பற்றாக்குறை, மூச்சிரைப்பு தீராமல் நிற்கும்.

செலவையும் மறக்காதீர்கள். கால் வழி வால்வின் விலை மட்டுமே சாதாரண வால்வைவிடப் பல மடங்கு.

டிக் டிக் சத்தம் கேட்குமா? எம்ஆர்ஐ எடுக்கலாமா?

உலோக வால்வின் சத்தம் அமைதியான அறையில், ஒல்லியானவர்களுக்கு நன்றாகக் கேட்கும். சில மாதத்தில் பெரும்பாலானவர்கள் பழகிவிடுகிறார்கள். சித்ரா வால்வின் தட்டு பிளாஸ்டிக் என்பதால் சத்தம் குறைவு. வழக்கமாகக் கேட்கும் டிக் சத்தம் மங்கினாலோ நின்றாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, அன்றே மருத்துவமனை. வால்வில் கட்டி உட்கார்ந்திருக்கலாம். எக்கோவும், இதழ் அசைவதை எக்ஸ்ரே திரையில் பார்ப்பதும் அதைக் காட்டிவிடும். கட்டியைக் கரைக்கும் ஊசி அல்லது அவசர அறுவை என்று முடிவாகும்.

இன்றைய வால்வுகளோடு எம்ஆர்ஐ எடுக்கலாம், அட்டையைக் காட்டிவிட்டு.

மாடு, பன்றி என்பதில் எங்களுக்குச் சங்கடம் இருக்கிறது. கேட்கலாமா?

தயங்காமல் கேளுங்கள், சர்ஜன்களுக்கு இது புதிய கேள்வி இல்லை. மாட்டு உறையில் செய்ததும் பன்றி வால்வும் தனித்தனியாகவே வருகின்றன, பெயரைச் சொல்லிக் கேட்டால் எது என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் வேண்டாமென்றால் உலோகம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த வால்வு போட்டாலும் அறுவையின்போது கொடுக்கும் ஹெப்பாரின் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுவது. உயிர் காக்கும் சிகிச்சைக்கு விலக்கு உண்டு என்று சொல்லும் மார்க்க அறிஞர்கள் இருக்கிறார்கள்; உங்கள் பெரியவர்களிடம் அறுவைக்கு முன்பே பேசிவிடுங்கள்.

செலவு?

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்று அறுவை உண்டு. எந்த வகை வால்வு வரை திட்டம் தரும், கூடுதல் தொகை கேட்பார்களா என்பதைக் காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்குங்கள். உலோகத்துக்கு இன்றைய பில்லோடு முடியாது. மாத்திரை, சோதனை, பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி இழப்பு என்று மாதந்தோறும் வரும். டிஷ்யூவுக்கு பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒரே தொகையாக வரும். தினக்கூலிக் குடும்பங்கள் இந்த இரண்டையும் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

பல் டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். எதற்கு?

வாய்க் கிருமி புது வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்து. இதில் உலோகம், டிஷ்யூ வேறுபாடு இல்லை. எடுக்க வேண்டிய பல்லை அறுவைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். பின்னர் பல் பிடுங்கவோ ஈறைச் சுரண்டிச் சுத்தம் செய்யவோ போகும்போது, பெரியவர்களுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன் அமாக்சிசிலின் 2 கிராம். பென்சிலின் ஒவ்வாதவருக்கு வேறு மருந்து. ஒரு பல்லுக்காக வார்ஃபரினைத் தானாக நிறுத்தாதீர்கள். ஐஎன்ஆர் இலக்குக்குள் இருந்தால் பெரும்பாலும் நிறுத்தாமலே எடுத்து, டிரானெக்சாமிக் அமிலக் கரைசலால் கொப்பளிக்கச் சொல்வார்கள்.

ருமாட்டிக் நோயாளிகளுக்கு இன்னொன்று: ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமலிருக்க மூன்று வாரத்துக்கொரு முறை போடும் பென்சிலின் ஊசி வால்வு மாற்றியதும் முடிந்துவிடாது. மற்ற வால்வுகள் இருக்கின்றனவே. ஐஎன்ஆர் எல்லைக்குள் இருக்கும்போது போட்டு, நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அல்லது தினசரி மாத்திரையாக மாற்றலாமா என்று கேளுங்கள்.

டயாலிசிஸில் இருப்பவருக்கு?

திசுவில் சுண்ணாம்பு வேகமாகப் படியும். மறுபக்கம் வார்ஃபரினோடு ரத்தக்கசிவும் அதிகம். ஆயுள் எதிர்பார்ப்பைப் பொறுத்துப் பலர் டிஷ்யூ பக்கம் சாய்கிறார்கள்.

மேசையில் படுத்தபின் முடிவு மாறுமா?

மாறலாம். நெஞ்சைத் திறந்து வளையத்தை அளந்த பிறகு, நீங்கள் கேட்ட வகையில் பொருந்தும் அளவு கிடைக்காமல் போகலாம். சுண்ணாம்பு எதிர்பார்த்ததைவிட ஆழமாக இருக்கலாம். பழுதுபார்க்கத் தொடங்கிய வால்வு கசிந்து, மாற்ற வேண்டி வரலாம். அதனால் ஒப்புதல் படிவத்தில் ஒரு பெயர் மட்டும் போதாது. முதல் விருப்பம், அது முடியாவிட்டால் இரண்டாவது விருப்பம், எது மட்டும் வேண்டவே வேண்டாம் என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும்போது வால்வின் பெயர், மாதிரி, அளவு, வரிசை எண் உள்ள அட்டையைக் கேட்டு வாங்கி, போனில் படம் எடுத்து வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள்.